நடு ஓட்டையை யார் அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில், டிசம்பர் மாதம் கொடைக்கானல் போகிறவர்கள் காருக்குக் குளிர்கால டயர் மாட்டிக்கொள்வது நல்லது என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். "சிரிச்சா ஆச்சா? உங்க மாண்ட்ரியல் கதையை எழுதிப் போடுங்க" என்றாள் என் மனைவி. எழுதுகிறேன்.

நான் வில்லாபுரத்தில் 38 வருடம் லேத் பட்டறை நடத்தியவன். கார் மெக்கானிக் இல்லை. சுற்றுகிற சாமான் எதுவானாலும் அது சென்டரில் சுற்றுகிறதா என்று பார்ப்பதுதான் நான் கற்ற தொழில். அந்த அளவோடு இந்தக் கடிதத்தைப் படித்தால் போதும்.

முதலில் டயர். குளிர்கால டயர் என்றால் தரையில் படும் ரப்பர் மேடு, அதாவது பட்டன், பெரிதாக இருக்கும், பனியைக் கவ்வும் என்று நினைக்கிறோம். பட்டன் பாதி விஷயம்தான். மீதிப் பாதி ரப்பர். சாதாரண டயரின் ரப்பர், குளிர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க இறங்க விறைத்துப் போகும், ரோட்டைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பரை அந்தக் குளிரிலும் இளகியிருக்கும்படி செய்கிறார்கள். பட்டனில் பிளேடால் கீறியது போல நெருக்கமாக வெட்டுகளும் இருக்கும். இதை மாட்டிக்கொண்டு மதுரை வெயிலில் ஓட்டினால் அழிரப்பர் தேய்வது போலத் தேயும். பிரேக் போட்டாலும் சட்டென்று நிற்காது, ரப்பர் நெளியும். கொடைக்கானலில் தை மாத விடியற்காலையில் புல்மேல் உறைபனி படிவது உண்மை. ஆனால் ரோட்டில் பனி மூடுவதில்லை. விடிந்து இரண்டு மணி நேரத்தில் வெயில் வந்துவிடும், அப்புறம் வத்தலக்குண்டு இறங்கினால் வியர்க்கும். நல்ல பட்டன் உள்ள சாதாரண டயரும், இறக்கத்தில் இரண்டாவது கியரும் போதும். எனவே அந்தக் குறிப்பை மதுரைக்காரர்கள் மறந்துவிடலாம்.

ஆனால் குளிர்கால டயர் தேவைப்படுகிற ஊரில் அதற்கு வீல் தேடி அலைந்தபோது நான் படித்துக்கொண்ட பாடம், பனியே இல்லாத நம் ஊருக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மகளின் பேறுகாலத்துக்காக அக்டோபரில் கனடா போனோம். என் பெட்டியில் மில்லிமீட்டரிலும் நுணுக்கமாக அளக்கும் 6 அங்குல வெர்னியர் ஒன்று வைத்தேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, 38 வருடப் பழக்கம். "ஊறுகாய் பாட்டிலுக்கு இடமில்லை, இதுக்கு இருக்கா?" என்று வீட்டில் சண்டை. பேத்தி பிறந்தாள். பெண்கள் உள்ளே குழந்தையோடு இருக்க, எனக்கு ஜன்னலைப் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. நவம்பர் வந்ததும் மாப்பிள்ளை, "மாமா, வண்டிக்கு விண்டர் வீல் வாங்கணும், வர்றீங்களா?" என்றார். எழுந்துவிட்டேன்.

மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் அந்த மாகாணத்து வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது. 2008 முதல் சட்டமே இருக்கிறது. டயரின் பக்கத்தில் மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் போட்ட முத்திரை இருக்கவேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை டயரைக் கழற்றி மாட்டினால், ரிம்மில் உட்காரும் அதன் விளிம்பு கெட்டுப்போகும், கூலியும் ஆகும். அதனால் அங்கே பலர் தனியாக நான்கு வீல் வாங்கி, குளிர்கால டயரை அதில் நிரந்தரமாகப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். சீசன் வந்தால் வீலோடு மாற்றிக்கொள்வார்கள். ரோட்டில் பனி உருகுவதற்கு உப்புப் போடுகிறார்கள் என்பதால் நல்ல அலாய் வீலைக் குளிர்காலத்தில் வெளியே எடுக்க மனசும் வராது.

மாப்பிள்ளையின் வண்டி ஹோண்டா சிஆர்-வி. அதில் இருந்தது 18 அங்குல வீல், 235/60 டயர். அதாவது டயரின் அகலம் 235 மி.மீ., ரப்பர் உயரம் அதில் 60 சதவீதம். குளிர்காலத்துக்கு ஒரு அங்குலம் குறைத்து 17 அங்குல வீலும் 235/65 டயரும் போடலாம், விலையும் குறையும், ரப்பர் உயரம் கூடுவதால் பள்ளத்தில் விழுந்தால் ரிம்மும் பிழைக்கும் என்றார்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 18 அங்குலம் என்றால் 457.2 மி.மீ. அதோடு 235-இல் 60 சதவீதம், 141, மேலும் கீழுமாக 282. மொத்தம் 739.2. அடுத்தது, 17 அங்குலம் 431.8, அதோடு 305.5. மொத்தம் 737.3. இரண்டுக்கும் 2 மி.மீ. கூட வித்தியாசம் இல்லை. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. அதே வண்டியின் குறைந்த விலை மாடலில் கம்பெனியே 17 அங்குலம்தான் போடுகிறது என்பதால் வீலுக்குள் இருக்கும் பிரேக் பிடி, அதாவது காலிப்பரில் வீல் இடிக்குமோ என்ற கவலையும் இல்லை. வேறு வண்டியில் இப்படிக் குறைப்பவர்கள் அதைக் கண்டிப்பாகப் பார்க்கவேண்டும்.

பழைய சாமான் விற்கும் ஒருவர் வீட்டுக்குப் போனோம். டொயோட்டா ராவ்-4 வண்டியிலிருந்து கழற்றிய நான்கு வீல், டயரோடு, புதுசு மாதிரி. "ஐந்து ஓட்டை, 114.3. உங்க வண்டியும் அதுதான்" என்றார். நான் வெர்னியரை எடுத்தேன். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கூச்சம்.

114.3 என்பது ஓட்டைகளின் நடுப்புள்ளி வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம், கடைக்காரர்கள் பிசிடி என்பார்கள். நாலரை அங்குலம்தான் அது. நான்கு ஓட்டை என்றால் எதிரெதிரே அளந்துவிடலாம். ஐந்து ஓட்டைக்கு எதிரில் ஓட்டையே இருக்காது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் சென்டர் தூரம் 67.2 மி.மீ. இருந்தால் வட்டம் 114.3. அளந்தேன், சரியாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அப்புறம் வீலின் நடு ஓட்டையை அளந்தேன். 60.1. வீல் போய் உட்காரும் வண்டியின் ஹப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வட்டம் 64.1. ஒரு நூலுக்கும், அதாவது அரைக்கால் அங்குலத்துக்கும் மேலே தடிமன். வீல் ஏறவே ஏறாது. அவர் அசரவில்லை, "கொஞ்சம் ராவிக்கொள்ளலாம்" என்றார். ஒரு லேத்காரனிடம் வந்து நடு ஓட்டையை அரத்தால் ராவச் சொல்கிறாரே என்று எனக்கு வந்த கோபத்தை மாப்பிள்ளை பிரெஞ்சில் மொழிபெயர்க்கவில்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். லேத்தில் கடைகிற சாமானைப் பிடிக்கும் சக் எப்படி உட்காருகிறது என்று பார்த்தவர்களுக்குப் புரியும். சக்கின் பின்னால் பேக் பிளேட்டில் ஒரு சிறிய மேடு கடைந்திருக்கும். சக் அந்த மேட்டில் விரலால் தள்ளினால் உட்காரும் அளவுக்கு இருக்கும். சென்டரைத் தருவது அந்த மேடு. போல்ட்டுகளின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும். மேடு இல்லாமல் போல்ட்டை நம்பி மாட்டினால் ஒவ்வொரு தடவையும் சக் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். பெரும்பாலான கார்களின் ஹப்பும் அப்படித்தான். நடு வட்டம் வீலைச் சென்டரில் நிறுத்தும், நட்டு அதை ஹப்போடு அழுத்தும்.

சோழவந்தான் பக்கத்தில் என் தாத்தா வீட்டு மாட்டுவண்டிக்குப் பட்டா போட்டதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இரும்புப் பட்டாவை மரச் சக்கரத்தைவிட ஒரு சுற்றுக் குறைவாகத்தான் செய்வார் ஆசாரி. வறட்டி அடுக்கித் தீ மூட்டி, பட்டா பழுத்து விரிந்ததும் நான்கு பேர் தூக்கி மாட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். புகைக்கு நடுவில் மரம் கிரீச்சென்று முனகி இறுகும். எவ்வளவு குறைவாகச் செய்வது என்பது அவர் கண்ணில் இருந்தது, எந்தத் தாளிலும் இல்லை. இப்போது எல்லாம் தாளில் இருக்கிறது, பார்ப்பதற்குத்தான் கண் இல்லை.

சரி, மாண்ட்ரியல். கடைசியில் ஒரு டயர் கடையில் புதிதாகவே வாங்கினோம். கார் கம்பெனி செய்யாத, வெளிச்சந்தை வீல். பல வண்டிகளுக்கும் ஆகட்டும் என்று நடு ஓட்டையை 73.1 வைத்திருந்தார்கள். 64.1 ஹப்புக்கு அது தொளதொள. கடைக்காரர் நான்கு பிளாஸ்டிக் வளையம் எடுத்து வைத்தார், வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 64.1. பிளாஸ்டிக்கா என்று நான் சிரித்தேன். அலுமினியத்தில் நானே கடைந்து தருவேனே என்று மாப்பிள்ளை மூலமாகச் சொன்னேன். அந்த மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். வளையம் பாரம் தாங்குவதில்லை. மாட்டும்போது வீலைச் சென்டரில் நிறுத்துவதோடு அதன் வேலை முடிந்தது, பாரத்தைத் தாங்குவது வீலும் ஹப்பும் ஒன்றோடு ஒன்று அழுந்தும் முகப்பு. உப்புத் தண்ணீரில் அலுமினிய வளையம் துருப்பிடித்த ஹப்பைக் கவ்விக்கொள்ளும், வசந்தத்தில் வீலைக் கழற்றச் சுத்தியல் வேண்டியிருக்கும். அதனால் அங்கே பிளாஸ்டிக். நான் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். நம் ஊரில் உப்பு இல்லை, ஆனால் கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து ஹப் கொதிக்கும், பிளாஸ்டிக் இளகிவிடலாம். அதனால் இங்கே அலுமினியம் என்பது என் கட்சி.

நட்டு விஷயமும் அங்கேதான் தெரிந்தது. ஹோண்டா கம்பெனி வீலின் நட்டு, வீலில் உட்காரும் இடத்தில் உருண்டையாக இருக்கும், பந்தில் பாதி போல. வாங்கிய வீலிலோ ஓட்டையின் வாய் கூம்பாக இருந்தது. கூம்பு வாயில் பந்து முக நட்டைப் போட்டால் கோடு மாதிரி ஒரு வளையத்தில்தான் தொடும். இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், ஓடி ஓடித் தளரும். 20 நட்டும் புதிதாக வாங்கினோம். இறுக்கியது 108 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 22 கிலோ தொங்கினால் வரும் இறுக்கம். வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே கையால் எல்லா நட்டையும் உட்காரவைத்து, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொல்லி மறுபடி இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பேனர் போட்டுப் பார்த்தார்கள். இங்கே நட்டு முடுக்கும் ‘கன்’ மெஷினை வைத்து டர்ரென்று அடித்து, "போங்கண்ணே" என்று அனுப்பிவிடுகிறோம்.

ஊர் திரும்பினேன். தம்பி மகன் ஸ்விஃப்ட் வண்டிக்கு அலாய் வீல் போட்டிருந்தான், 16 அங்குலம், கறுப்பு நிறம், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் வாங்கியிருக்கிறான், பெயர் வேண்டாம். "பெரியப்பா, 80-க்கு மேல போனா ஸ்டியரிங் உதறுது" என்றான். கப்பலூர் தாண்டித் திருமங்கலம் போவதற்குள் கை மரத்துவிடுகிறதாம். கடையில் மூன்று தடவை பேலன்சிங், ஒரு தடவை அலைன்மென்ட். நான்காவது தடவை, "ரோடு சரியில்லை தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். நான்குவழிச் சாலையின் தலையில் போட்டாகிவிட்டது.

நான் ஒரு வீலைக் கழற்றி அளந்தேன். நடு ஓட்டை 73.1. ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1. நடுவில் சுற்றிலும் 9.5 மி.மீ. காற்று. வளையம் இல்லை. வளையம் என்று ஒன்று இருப்பதே கடைப் பையனுக்குத் தெரியவில்லை. நான்கு ஓட்டை நட்டு மாட்டும் நான்கு ஸ்டட்டில் நுழைந்தது, பிசிடி இரண்டிலும் 100 மி.மீ. என்று ஒத்தது, பொருந்தியாகிவிட்டது என்று நினைத்துவிட்டான்.

மூன்று தடவை பேலன்சிங் செய்தும் ஏன் பிடிபடவில்லை? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். பேலன்சிங் மெஷினில் வீலை எப்படி மாட்டுகிறார்கள் என்று அடுத்த தடவை கடையில் பாருங்கள். நடு ஓட்டையில் ஒரு கூம்பைச் செருகி மாட்டுவார்கள். கூம்பு வீலைத் துல்லியமாகச் சென்டரில் நிறுத்திவிடும். மெஷினில் எல்லாம் பூஜ்யம் காட்டும், ஈயக்கட்டியும் சரியாக ஒட்டுவார்கள். அப்புறம் அதே வீலைக் காரில் மாட்டும்போது கூம்பு இல்லை, ஹப் எட்டவில்லை, வீல் நட்டுகளில் தொங்குகிறது. முதலில் எந்த நட்டு இறுகியதோ அந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கிறது. மெஷினில் சுற்றிய வீலும் காரில் சுற்றும் வீலும் ஒரே வீல்தான், ஆனால் ஒரே சென்டரில் சுற்றவில்லை. எத்தனை தடவை மெஷினில் ஏற்றினாலும் அது நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

காரிலேயே, வீல் சென்டர் விலகி ஆடுவதைக் காட்டும் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் அரை மில்லிக்கும் மேல் தூக்கியது. 75 மி.மீ. அலுமினிய ராடு வாங்கி, பட்டறையை இப்போது நடத்தும் பையனிடம் ஒரு மணி நேரம் லேத்தைக் கேட்டு வாங்கி, நான்கு வளையம் கடைந்தேன். வெளியே 73, உள்ளே 54.2. ஹப்பில் இருந்த துருவை எமரி தாளால் துடைத்து மாட்டினோம். உதறல் நின்றது. 

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பொங்கலுக்கு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போனான். மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்பக்கம் சர் சர்ரென்று சத்தம். திரும்பி வந்ததும் பார்த்தால் டயரின் வெளித்தோளில் மட்கார்டு விளிம்பு வாய்க்கால் வெட்டியிருந்தது. இது ஆஃப்செட் கோளாறு. வீலின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று உண்டு, அதிலிருந்து ஹப்பில் உட்காரும் முகப்பு எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். அவன் வண்டிக்கு 50 இருக்கவேண்டியது, வாங்கிய வீலின் முதுகில் 35 என்று அச்சாகவே இருந்தது. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. 15 மி.மீ. வெளியே வந்து நிற்கிறது. ஆள் ஏறி ஸ்பிரிங் அமுங்கினால் இடிக்கத்தான் செய்யும். பேரிங்கிலும் பாரம் விழவேண்டிய இடம் தள்ளிப்போகிறது. இதற்கு நான் கடையும் எந்த வளையத்தாலும் மருந்து இல்லை.

இதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வரை, வீல் வெளியே தெரிந்தால் வண்டி அகலமாகத் தெரியும் என்று பையன்கள் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் கடையச் சொல்லி வருவார்கள். ஒன்றரை அங்குலத் தட்டு, நான்கு ஓட்டை. கூலி வாங்கிக்கொண்டு கடைந்து கொடுத்திருக்கிறேன். எந்த வண்டி, ஹப் என்ன அளவு, ஸ்டட் எத்தனை சுற்று நட்டைப் பிடிக்கும் என்று நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. கொண்டுவந்த தட்டின் அளவுக்குக் கடைந்தேன், அவ்வளவுதான். கடைப் பையனைக் குறை சொல்லும்போது அது நினைவுக்கு வருகிறது.

சொந்த உபயோகக் கார் என்றால் வாங்கி 15 வருடம் வரை தகுதிச் சான்றுக்கு யாரிடமும் காட்டவேண்டியதில்லை. இடையில் என்ன வீல் மாட்டினாலும் கேட்க ஆள் இல்லை. எனவே கடையில்தான் இதைப் பிடிக்கமுடியும். தம்பி மகனுக்குக் கொடுத்த பில்லை வாங்கிப் பார்த்தேன்: "அலாய் வீல் 16 இன்ச் பிளாக், 4 எண்ணம்." ஒரு கிலோ கத்தரிக்காய்க்குக்கூட இதைவிட விவரமாகச் சீட்டு எழுதுவார்கள். வீலின் அகலம், பிசிடி, நடு ஓட்டை, ஆஃப்செட், நட்டின் முகம் கூம்பா உருண்டையா, இவ்வளவையும் பில்லில் எழுதிக் கொடுக்கும்படி வீல் விற்பவர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளவேண்டும். பெரும்பாலானவை வீலின் முதுகில் வார்த்தே இருக்கின்றன, புரட்டிப் பார்க்க ஒரு நிமிடம். நடு ஓட்டையை வெர்னியரில் அளக்க இன்னொரு நிமிடம். உங்கள் வாகனப் பகுதியிலும், நம் ஊரில் அதிகம் ஓடும் பத்துக் கார்களுக்கு இந்த எண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டம் போட்டு வெளியிடுங்கள். குளிர்கால டயர் குறிப்பைவிட அதை வெட்டி எடுத்து வைக்க ஆள் இருக்கும்.

தம்பி மகன் பழைய இரும்பு வீலையே திரும்ப மாட்டிக்கொண்டான். கறுப்பு அலாய் நான்கும் என் வீட்டுத் திண்ணையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கின்றன. விற்கலாம் என்று சொல்லி வைத்ததில் இதுவரை இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். உங்கள் வண்டி ஹப் என்ன அளவு, ஆஃப்செட் என்ன என்று கேட்டேன். இரண்டு பேருமே, "நாலு ஓட்டைதானேண்ணே?" என்று கேட்டார்கள். கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் பட்டறைக்காரர்,
வில்லாபுரம், மதுரை.